படியெடுத்தலும் பிழை திருத்தலும்

தோற்றுவாய்

அச்சுப்பொறி தோன்றுமுன் நூல்கள் யாவும் கையாலேயே படியெடுக்கப்பட்டன. ஓர் ஏடு செல்லரித்துப் போகுமுன் அதனைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதினாலன்றி நூல் நிலைபெறுதல் இயலாது. எழுதுவோர் எத்துணைத் திறமுடையராயினும் எழுத்து மயங்குதலும் சொல் விடுபடுதலும் நேர்ந்தே தீரும். ஆதலின், படியெடுத்ததனை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துதலும் இன்றியமையாத கடமையாயிற்று. இவ்விரு தொழில்களும் கூடியே பழைய நூல்களைக் கால வெள்ளத்தினின்றும் காத்தன.

மனிதன் எழுதக் கற்பதற்கு நெடுங்காலம் முன்பே இவ்விரு தொழில்களையும் உயிரினங்கள் செய்து வந்துள்ளன. கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாவும் தன் மரபுச் செய்தியை ஓயாது படியெடுக்கின்றது. எடுத்த படியில் நேர்ந்த பிழையைத் தேடித் திருத்துகின்றது. இதனை அறிவியலார் எவ்வாறு கண்டறிந்தனர் என்பது இருபதாம் நூற்றாண்டின் சிறந்த வரலாறுகளுள் ஒன்று. அவ்வரலாற்றில் ஒரு வியப்பும் அடங்கியுள்ளது. படியெடுக்கும் பொருள் எனக் கருதி உலகம் பாராட்டிய ஒன்று, பழுது பார்ப்பதிலேயே பெரும்பங்கு ஏற்பது எனப் பின்னர்ப் புலனாயிற்று. எனவே, இது பாக்டீரியா தன் பிழையைத் திருத்தும் முறையை அறிந்த வரலாறு மட்டுமன்று. அறிவியல் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்ட வரலாறுமாகும்.

ஏடும் எழுத்தும்

1885ஆம் ஆண்டு ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது கோல் வடிவான ஒரு பாக்டீரியாவைக் கண்டார். மனிதனின் குடலில் இயல்பாக வாழும் அவ்வுயிர் பின்னர் அவர் பெயராலேயே எஷெரிக்கியா கோலி என வழங்கலாயிற்று. சுருக்கமாக ஈ. கோலி என்பர். தக்க உணவும் வெப்பமும் வாய்ப்பின் அஃது இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். எளிதில் வளர்வதாலும் விரைவில் பெருகுவதாலும் அறிவியலார் அதனையே தம் ஆய்வுக்குப் பெரிதும் தேர்ந்தனர்.

உயிரின் மரபுச் செய்தி எப்பொருளில் எழுதப்பட்டுள்ளது என்னும் வினாவிற்கும் பாக்டீரியாவே விடையளித்தது. 1944ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் ஆஸ்வால்டு ஏவரி, காலின் மக்லியாட், மக்லின் மக்கார்ட்டி ஆகிய மூவரும் நிமோனியா நோய்க் கிருமிகளைக் கொண்டு ஆய்ந்தனர். ஒருவகைக் கிருமியின் பண்பை மற்றொரு வகைக்கு மாற்றவல்ல பொருள் டி.என்.ஏ. என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அப்பொருளின் அமைப்பினை 1953ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் கேம்பிரிட்ஜ் நகரில் வகுத்துரைத்தனர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார் எடுத்த எக்ஸ்கதிர்ப் படங்களும் அளவுகளும் அவர்களுக்குப் பெருந்துணையாயின. முறுக்கிய நூலேணி போன்ற இரண்டு இழைகள். அவற்றில் அடெனின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் நான்கு எழுத்துகளாக அமைந்துள்ளன. ஓரிழையில் அடெனின் நின்றால் எதிரிழையில் தைமின் நிற்கும். குவானின் நின்றால் சைட்டோசின் நிற்கும். ஆகவே, ஓரிழை மட்டும் கிடைத்தாலும் அதன் துணையிழையைப் பிழையின்றி எழுதிவிடலாம். படியெடுத்தலுக்கும் பிழை திருத்தலுக்கும் அடிப்படை இவ்விணை அமைப்பேயாகும்.

பாதி பழையது, பாதி புதியது

இழைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய புதுத் துணையைப் பெறும் என்று வாட்சனும் கிரிக்கும் கருதினர். ஆயினும், கருத்து வேறு, சான்று வேறு. பழைய ஏணி சிதையாமல் நிற்க, முற்றிலும் புதிய ஏணி ஒன்று எழுதப்படலாம் என்று எண்ணவும் இடமிருந்தது.

இவ்வையத்தைத் தீர்த்தவர்கள் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த மத்தேயு மெசல்சன், பிராங்க்ளின் ஸ்டால் என்னும் இரு இளைஞர்கள். சாதாரண நைட்ரஜனினும் எடை மிகுந்த ஒருவகை நைட்ரஜனை உணவாக அளித்து அவர்கள் ஈ. கோலியைப் பல தலைமுறைகள் வளர்த்தனர். அதனால் அவற்றின் டி.என்.ஏ. முழுவதும் எடை கூடியதாயிற்று. பின்னர் அவற்றைச் சாதாரண நைட்ரஜன் உள்ள உணவிற்கு மாற்றினர். டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் இட்டு மிகு வேகமாகச் சுழற்றினால், எடைக்கேற்ப அது தனித்தனிப் பட்டைகளாகப் படியும். ஒரு தலைமுறை கழிந்தபின் கிடைத்த டி.என்.ஏ. கனமானதாகவும் இல்லை, இலேசானதாகவும் இல்லை, இரண்டிற்கும் நடுவே ஒரே பட்டையாக நின்றது. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி இலேசான இடத்திலும் நின்றன. ஒவ்வொரு புதிய ஏணியிலும் ஓரிழை பழையது, ஓரிழை புதியது என்பது 1958ஆம் ஆண்டு வெளியான அவர்தம் கட்டுரையால் உறுதியாயிற்று.

கோர்ன்பெர்க்கின் நொதி

புதிய இழையை எழுதும் கை எது? 1956ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கோர்ன்பெர்க் இவ்வினாவிற்கு விடை தேடினார். ஈ. கோலியைச் சிதைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் டி.என்.ஏ.வின் எழுத்துகளைக் கோக்கவல்ல ஒரு நொதி இருப்பதை அவர் கண்டார். அதனைத் தூய்மைப்படுத்தியும் காட்டினார். டி.என்.ஏ. பாலிமரேஸ் என அது பெயர் பெற்றது. பழைய இழை ஒன்றை முன்வைத்தால் அதற்கு இணையான புதிய இழையைக் கண்ணாடிக் குழாயினுள்ளேயே அது எழுதிக் காட்டிற்று. உயிரின் அடிப்படைத் தொழில் ஒன்று உயிரணுவிற்கு வெளியே நிகழ்ந்ததைக் கண்டு உலகம் வியந்தது. 1959ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிட்டிற்று.

எனினும், சில ஐயங்கள் எஞ்சி நின்றன. 1963ஆம் ஆண்டு ஜான் கெய்ர்ன்ஸ் என்பார் கதிரியக்கம் ஊட்டப்பட்ட ஈ. கோலியின் டி.என்.ஏ.வைப் படச்சுருளில் பதியச் செய்தார். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அவ்விழை முனையற்ற வளையமாக இருந்தது. பாக்டீரியாவின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கே. அத்துணை நீண்ட ஏடு ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கும் முனை ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகளைக் கடந்து செல்ல வேண்டும். கோர்ன்பெர்க்கின் நொதியோ இவ்வேகத்திற்கு மிகவும் பிற்பட்டிருந்தது. மேலும், அஃது ஒரு திசையில் மட்டுமே எழுதவல்லது. ஏணியின் இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசைகளில் செல்பவை. ஒரு திசையில் மட்டும் எழுதத் தெரிந்தவன், இரு திசைகளில் செல்லும் இரு வரிகளை ஒரே காலத்தில் எவ்வாறு எழுதுவான்?

ஹிரோஷிமா தந்த அறிஞர்

இப்புதிரை அவிழ்த்தவர்கள் ஜப்பானியத் தம்பதியரான ரெய்ஜி ஒகசாக்கி, சுனெக்கோ ஒகசாக்கி ஆகியோர். அமெரிக்காவில் கோர்ன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பயின்று திரும்பிய அவ்விருவரும் நாகோயா பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தனர். வளரும் ஈ. கோலிக்குக் கதிரியக்கமுள்ள தைமிடின் என்னும் பொருளைச் சில நொடிகள் மட்டுமே அளித்து, அக்கணமே அதன் வளர்ச்சியை நிறுத்தினர். அப்போதுதான் எழுதி முடித்த எழுத்துகள் யாவை என்பது இதனால் தெரியவரும். நீண்ட இழையை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்துகளே கொண்ட சிறு துண்டுகள் காணப்பட்டன. சற்று நேரம் சென்றபின் அத்துண்டுகள் ஒன்றிணைந்து நீண்ட இழையாயின.

புதிர் அவிழ்ந்தது. ஓரிழை தொடர்ச்சியாக எழுதப்படுகின்றது. மற்றோரிழை சிறு சிறு துண்டுகளாகப் பின்னோக்கி எழுதப்பட்டுப் பின்னர் ஒட்டப்படுகின்றது. துண்டுகளை ஒட்டும் லைகேஸ் என்னும் நொதியும் 1967ஆம் ஆண்டு பல ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டது. 1968ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வினால் அத்துண்டுகள் ஒகசாக்கித் துண்டுகள் என்றே உலகெங்கும் வழங்கப்படுகின்றன.

ரெய்ஜி ஒகசாக்கி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945ஆம் ஆண்டு அந்நகரின்மேல் அணுகுண்டு வீசப்பட்டபோது அவருக்கு அகவை பதினான்கு. அக்கதிர்வீச்சிற்கு ஆளான அவர், 1975ஆம் ஆண்டு நாற்பத்து நான்காம் அகவையில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். கதிர்வீச்சு டி.என்.ஏ.வைச் சிதைப்பது, சிதைந்த ஏடு திருத்தப்படாது போயின் புற்றுநோய்க்கு வித்தாவது. படியெடுக்கும் தொழிலின் நுட்பத்தை உலகிற்கு உணர்த்திய ஒருவரை, அவ்வேட்டிற்கு நேர்ந்த சிதைவே கவர்ந்து சென்றது எனின் அதனினும் கொடிது யாதுளது? கணவரை இழந்த சுனெக்கோ அம்மையார் ஆய்வைக் கைவிடவில்லை. ஒவ்வொரு துண்டும் ஆர்.என்.ஏ. என்னும் பொருளாலான சிறு முன்னெழுத்தோடு தொடங்குவதை அவர் தொடர்ந்து ஆய்ந்து நிறுவினார்.

படியெடுப்போன் அல்லன், பழுது பார்ப்போன்

கோர்ன்பெர்க்கின் நொதியைப் பற்றிய ஐயம் 1969ஆம் ஆண்டு உச்சம் எய்தியது. நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் கெய்ர்ன்ஸ் ஒரு கேள்வியை எழுப்பினார். அந்நொதியே படியெடுப்பதாயின், அஃதில்லாத பாக்டீரியா வாழ முடியாது. வாழும் ஒன்றைக் கண்டால், படியெடுப்பது வேறொன்று என்பது தெளிவாகும். அவருடைய உதவியாளர் பாலா டி லூசியா என்னும் பெண்மணி ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் குடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அந்நொதி அறவே குறைந்த ஒன்று இறுதியில் அகப்பட்டது. அது வழக்கம்போல் வளர்ந்தது, வழக்கம்போல் பிரிந்தது. ஆனால், அதன்மேல் புறஊதாக் கதிர் பட்டபோது ஏனைய பாக்டீரியாவைக் காட்டிலும் எளிதில் மடிந்தது. இதற்குரிய மரபணுவிற்கு 'போல்-ஏ' எனப் பெயரிட்டனர். பாலாவின் பெயர் அதில் ஒலிப்பதனை யாவரும் உணர்வர்.

பத்தாண்டுகளுக்கு முன் நோபெல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பே பொய்யோ எனும் பேச்சு எழுந்தது. அதற்கு விடை கோர்ன்பெர்க்கின் இல்லத்திலிருந்தே வந்தது. அவருடைய மகன் தாமஸ், ஜூலியார்டு இசைப்பள்ளியில் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியைப் பயின்று வந்தவர். கையில் ஏற்பட்ட குறையால் இசையைத் தொடர இயலாத நிலையில் அவர் ஆய்வுக்கூடத்தில் புகுந்தார். மால்கம் கெஃப்டர் என்பாருடன் இணைந்து உழைத்து, போல்-ஏ குறைந்த பாக்டீரியாவினின்றே 1970ஆம் ஆண்டு இரண்டாம் பாலிமரேஸையும் 1971ஆம் ஆண்டு மூன்றாம் பாலிமரேஸையும் பிரித்தெடுத்தார். இம்மூன்றாவதே ஏட்டின் பெரும்பகுதியை எழுதும் கை எனத் தெளிவாயிற்று.

தந்தையின் நொதி பயனற்றதா? அன்று. ஒகசாக்கித் துண்டுகளின் முன்னெழுத்துகளை நீக்கி அவ்விடைவெளியை நிரப்புவது அதுவே; கதிர்களால் சிதைந்த பகுதி வெட்டி எறியப்பட்டபின் அப்பள்ளத்தை நிரப்புவதும் அதுவே. தான் எழுதிய எழுத்து பொருந்தாதாயின் ஓரடி பின்வாங்கி அதனை அழித்து மீண்டும் எழுதும் இயல்பும் அதற்குண்டு. அவ்வியல்பு மூன்றாம் பாலிமரேஸுக்கும் உண்டு. ஆகவே, கோர்ன்பெர்க் கண்டது பொய்யன்று. அவர் கண்டதற்கு உலகம் தந்த விளக்கமே குறைபாடுடையது.

ஒளியும் கத்தரியும்

பழுது பார்த்தலைப் பற்றிய அறிவு இதற்கு முன்பே அரும்பியிருந்தது. அதே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1944ஆம் ஆண்டு ஈவ்லின் விட்கின் என்னும் இளம்பெண் ஈ. கோலியின்மேல் புறஊதாக் கதிரை மிகுதியாகப் பாய்ச்சினார். ஏறக்குறைய அனைத்தும் மடிய, மிகச் சிலவே பிழைத்தன. அவற்றின் வழித்தோன்றல்களும் அக்கதிரைத் தாங்கின. கதிரைத் தாங்கும் ஆற்றல் மரபுவழி வருவது என்பது அதனால் விளங்கிற்று.

1949ஆம் ஆண்டு அவ்விடத்திலேயே ஆல்பர்ட் கெல்னர் மற்றொன்றைக் கண்டார். கதிரால் சிதைந்த நுண்ணுயிர்கள் ஒருகால் மிகுதியாகவும் ஒருகால் குறைவாகவும் பிழைத்தெழுந்தன. வெப்பமே காரணம் என முதலில் ஐயுற்ற அவர், இறுதியில் சாதாரண ஒளியே அவற்றை உயிர்ப்பிக்கின்றது எனத் தெளிந்தார். ஒளியின் ஆற்றலைக் கொண்டு சிதைவை நேராக்கும் நொதி ஒன்று உண்டென்பதைப் பின்னர் கிளாட் ரூப்பர்ட் நிறுவினார்.

இருளிலும் பழுது பார்க்கும் வழி உண்டு. புறஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அவ்விடத்தில் படியெடுத்தல் தடைப்படும். அவ்வாறு ஒட்டிய பகுதியைப் பாக்டீரியா வெட்டி வெளியேற்றுகின்றது என்பது 1964ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் பலரால் அறியப்பட்டது. வெட்டும் கத்தரியின் அமைப்பை விளக்கியவர் அசீஸ் சன்ஜார். துருக்கி நாட்டின் சவூர் என்னும் சிற்றூரில், எழுத்தறிவு பெறாத பெற்றோரின் எண்மக்களுள் ஏழாமவராகப் பிறந்தவர் அவர். கல்வியின் அருமையை அப்பெற்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். மருத்துவம் பயின்று பிறந்த ஊர்ப்பகுதியிலேயே தொண்டாற்றியபின், அமெரிக்கா சென்று ரூப்பர்ட்டின் மாணவரானார். மூன்று புரதங்கள் கூடிச் சிதைவின் இருபுறமும் வெட்டுவதனையும், பன்னிரண்டு அல்லது பதின்மூன்று எழுத்துகள் கொண்ட துண்டு அகற்றப்படுவதனையும் 1983ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார்.

சிதைவு கதிரால் மட்டும் வருவதன்று. சைட்டோசின் என்னும் எழுத்து தானாகவே மாறி யூராசில் ஆகிவிடுவதுண்டு. அதனைத் தேடி நீக்கும் நொதியை 1974ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டைச் சார்ந்த டோமாஸ் லிண்டால் ஈ. கோலியில் கண்டார்.

மூலம் எது, படி எது?

ஒப்புநோக்குவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டு ஏடுகள் வேறுபட்டால் எது மூலம், எது படி என்பது தெரிந்தாலன்றித் திருத்த இயலாது. மூலத்தையே மாற்றிவிட்டால் பிழை நிலைத்துவிடும். பாக்டீரியா இதற்கு ஒரு வழி வைத்துள்ளது. பழைய இழையின் குறித்த இடங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதிக்குறி இடப்பட்டிருக்கும். புதிதாக எழுதிய இழையில் அக்குறி சற்றுக் காலந்தாழ்த்தே ஏறும். அவ்விடைவேளையில் பிழை காணும் புரதங்கள் விரைந்து வந்து, குறியற்ற இழையே படி எனத் தெளிந்து, அதனை மட்டும் திருத்துகின்றன.

இதற்குரிய புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, 1989ஆம் ஆண்டு கண்ணாடிக் குழாயில் அத்தொழிலை நிகழ்த்திக் காட்டியவர் பால் மோட்ரிச். அவருடைய தந்தை நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். 1963ஆம் ஆண்டு டி.என்.ஏ.வைப் பற்றி அறிந்துகொள்ளுமாறு தம் மகனைத் தூண்டியவர் அவ்வாசிரியரே. ஆசிரியர் ஒருவரின் ஒரு சொல் எங்குச் சென்று முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1993ஆம் ஆண்டு மனிதரின் குடலில் மரபுவழி வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு இத்தகைய திருத்தும் புரதங்களின் குறைபாடே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பாக்டீரியாவில் கற்ற பாடம் மனிதனின் நோய்க்கு விளக்கமாயிற்று. லிண்டால், மோட்ரிச், சன்ஜார் ஆகிய மூவரும் 2015ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

எஞ்சும் பிழை

எழுதும் கை ஏறத்தாழ ஓர் இலட்சம் எழுத்துகளுக்கு ஒரு பிழை செய்கின்றது. எழுதியவுடன் அழித்துத் திருத்துவதால் அது கோடிக்கு ஒன்றாகக் குறைகின்றது. பின்னர் மேற்கூறிய புரதங்கள் ஒப்புநோக்குவதால் நூறு கோடிக்கு ஒன்று என்னும் அளவிற்கோ அதனினும் கீழோ அருகிவிடுகின்றது. ஈ. கோலியின் ஏட்டில் 46 இலட்சம் எழுத்திணைகள் உள்ளன. திருத்துவோர் இலராயின் ஒருமுறை படியெடுக்கும்போதே தொண்ணூறு பிழைகள் வரை புகுந்துவிடும். திருத்துவோர் உளராதலின் நூறு முறை படியெடுத்தாலும் ஒரு பிழை நேர்வது அரிது.

எனினும், பிழை முற்றிலும் ஒழிவதில்லை. சிதைவு மிகுந்தால் பாக்டீரியா ஓர் அவசர முறையை மேற்கொள்கின்றது. இதனை ஈவ்லின் விட்கினும் மிரோஸ்லாவ் ராட்மனும் ஆராய்ந்து விளக்கினர். மூழ்கும் கப்பல் விடுக்கும் அபாய அழைப்பின் பெயரால் எஸ்.ஓ.எஸ். எனும் பெயரை ராட்மன் 1970களில் அதற்குச் சூட்டினார். அப்போது பிழை மலிந்தாலும் எழுதி முடித்தால் போதும் என்னும் நொதிகள் தொழிற்படுகின்றன. அவ்வாறு எழும் மாற்றங்களுள் சில, மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைப் பாக்டீரியாவிற்குத் தந்துவிடுவதும் உண்டு. இளம்பெண்ணாக 1944இல் தொடங்கிய ஆய்விற்காக விட்கின் அம்மையார் 2015ஆம் ஆண்டு லாஸ்கர் விருது பெற்றார். 2023ஆம் ஆண்டு தம் நூற்றிரண்டாம் அகவையில் மறைந்தார்.

முடிவுரை

எழுதுதல் ஒரு தொழில். திருத்துதல் மற்றொரு தொழில். இரண்டாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் அதன் பெருமையும் எளிதில் பேசப்படுவதில்லை. உலகம் கோர்ன்பெர்க்கின் நொதியைப் படியெடுப்போன் என்று போற்றியது. அது பழுது பார்ப்போன் என்று அறிந்தபோது ஏமாற்றமுற்றது. ஆயின், பழுது பார்ப்போன் இன்றி எந்த ஏடும் நெடுநாள் நில்லாது என்பதனை அடுத்து வந்த ஐம்பதாண்டு ஆய்வு உணர்த்திவிட்டது.

அறிவும் அவ்வாறே நிலைபெறுகின்றது. பாலா டி லூசியா சலியாமல் சோதித்திராவிடின் ஒரு பிழையான விளக்கம் பாடநூல்களில் நிலைத்திருக்கும். தந்தையின் கண்டுபிடிப்பிற்கு அப்பால் மகன் சென்றதனால் தந்தையின் புகழ் குன்றவில்லை. அது தனக்குரிய இடத்தைப் பெற்றது. மாணவரின் ஏட்டில் சிவப்பு மையால் திருத்தும் ஆசிரியரும், அத்திருத்தத்தை ஏற்று மீண்டும் எழுதும் மாணவரும் செய்வது, உயிர் தோன்றிய நாள்முதல் ஒவ்வோர் உயிரணுவிலும் நிகழ்ந்துவரும் அதே தொழிலேயாகும்.